பெ. அடைக்கலம்

துண்டுத்தாள் நான்கு என்னிடம் உண்டு.
ஒன்று, பெகு அரிசி மில்லின் பேரேட்டு அட்டைக்குள்
பசையோடு பசையாய்க் கிடந்தது.
இன்னொன்றில் யாரோ மருந்து மடித்திருந்தார்கள்.
இன்னும் லேசாய்ச் சுக்கு வாசம்.

மஞ்சள் தாள் ஜப்பான்காரன் போட்டது:
"தமிழ்த் தோழரே, வெள்ளையன் ஓடுகிறான்.
நீர் பின்னால் ஓடாதீர்.
மளைக்குள் நெல் வரும்.
இப்படிக்கு, பெ. அடைக்கலம்."

மூன்று வருஷம் கழித்து வெள்ளைத் தாள், தடித்தது,
வெள்ளையன் விமானத்திலிருந்து:
"தமிழ்த் தோழரே, ஜப்பான்காரன் ஓடுகிறான்.
கிளக்கே சிட்டாங் ஆற்றைக் கடக்காதீர்.
மளை வருமுன் வாரும்.
இந்தத் தாளைக் காட்டினால் சுடமாட்டார்கள்.
இப்படிக்கு, பெ. அடைக்கலம்."

அதே பெயர், அதே முன்னெழுத்து.
இரண்டிலும் தோழருக்கு மட்டும் ழகரம் சரி.

ஒரே ஆள் இரண்டு ராஜாங்கத்துக்கும்
கையெழுத்துப் போட முடியுமா?
ஏன் முடியாது என்றார் மில்காரர் ஊ தான் நைங்.
கொடி மாறிய மூன்று தடவையும்
அவர் அப்பா அதே நாற்காலியில்தான் இருந்தாராம்.

நான் பத்திரம் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள்.
கார்டில் மா தின்ஸா. வீட்டில் வேதவல்லி.
ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான் என்று
நான் எந்த வாயால் சொல்வது?

மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில்
மூன்று அடைக்கலம் கிடைத்தார்கள்.
ஒருவர் முப்பத்தொன்றில் அம்மையில் போனார்.
ஒருவர் அப்போது பால்குடி.
மூன்றாமவர் பெயருக்கு எதிரே
"நாற்பத்திரண்டு மாசி, நடையாய்ப் புறப்பட்டார்."
எங்கே என்று எழுதவில்லை.
அந்த மாசியில் எழுதவும் வேண்டியதில்லை.
அரக்கான் மலைக்குத்தான் எல்லோரும் நடந்தார்கள்.

நாலாவது தாள்தான் என்னைக் கவிழ்த்தது.
அதில் இப்படிக்கு இல்லை. ஆளே இல்லை.
உச்சியில், கட்டைவிரல் பருமனில்,
அடைக்கலம்
என்று தலைப்பு.
கீழே கைகளை எப்படி உயர்த்த வேண்டும் என்று படம்.

அப்படியானால் அது வெறும் சொல்லா?
பெ. என்றால் பெகுவா?
பெகு அடைக்கலம் என்று எங்கோ ஒரு கோப்பின் முதுகில் இருந்ததை
அச்சுக்கோக்கிறவன் ஆளாக்கிவிட்டானா?
இரண்டு ராத்திரி தூக்கமில்லை.
அந்தச் சொல்லுக்கு நான் மீசை வைத்திருந்தேன்.
கொஞ்சம் திக்குவாயும்.

பிறகு ஒரு காலை, பழைய ஸ்டேஷனுக்குப் பின்னால்,
டோ சுவே ஊவின் மொஹிங்காக் கடையில்
கை கழுவக் குனிந்தபோது
பித்தளைக் குடத்தின் தோளில் தமிழ்.
புள்ளி புள்ளியாய் வெட்டியது:
பெ. அடைக்கல
அதற்கு மேல் நசுங்கல்.

ஆள் போன வீட்டில் அம்மா எடுத்தது என்றாள்.
எந்த வீடு?
இப்போது அங்கே போன் கடை.

நான் ஒன்று கட்டிப் பார்த்தேன்:
காலி வீடு. ஜப்பான்காரன் எழுதச் சொல்லி உட்கார்த்திய ஒருவன்.
கடைசியில் பெயர் போடு என்கிறான்.
தன் பெயரைப் போட அவனுக்குப் பைத்தியமா?
தாகம் என்று எழுந்து போய்க் குடிக்கிறான்,
குடத்தைப் பார்க்கிறான்.
பிற்பாடு வெள்ளையன் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டான்,
ரோட்டில் கிடந்த சைக்கிளை எடுப்பதுபோல்.

நன்றாகத்தான் இருந்தது.
மளையும் கிளக்கும் அதில் அடங்கவில்லை.
அடித்துவிட்டேன்.

நசுங்கலுக்குள் இருப்பது அடைக்கலமா,
அடைக்கலசாமியா, அடைக்கலமேரியா.
தண்ணீர் பட்டால் எழுத்து எடுப்பாய்த் தெரியுமே என்று
ஒரு கை ஊற்றினேன்.
லகரத்துக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி ஒன்று.
கீறலாகவும் இருக்கலாம்.

வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றாள் டோ சுவே ஊ.
நாற்பதாயிரம் கியாட்.
அடிபட்ட பக்கத்துக்காக
ஐயாயிரம் குறைப்பாளாம்.