எட்டாயிரத்து எண்பதில் யார்?

விடிந்தால் கடலுக்குப் போகும் நாள்.
மண்டபம் டோக்கன் அலுவலகத்தில் மணி இரண்டேகால்.
சென்னையிலிருந்து வந்த புது மென்பொருள்
மூன்றாம் முறையும் எழும்பாமல் விழுந்தது.
முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதாம்.

யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்
எட்டாயிரத்து எண்பதில்.

எஸ்.எஸ். தட்டினேன், பின்னால் ஒரு கோடும்
எல், டி, என், பி என்று நாலு எழுத்தும்.
கேட்டுக்கொண்டிருக்கும் துறைகள் வரிசையாக வந்தன.
இருபத்திரண்டு, நான் நுழைந்த வாசல்.
ஐயாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு, தரவுத்தளம்,
படகு எண்கள்மேல் படுத்துக் கிடக்கிறது.
எட்டாயிரத்து எண்பதுக்கு நேரே
பெயர் வரவேண்டிய இடம் வெறுமை.

உரிமை இல்லாதவளுக்கு
எந்த வலை யாருடையது என்று
இந்தக் கரையும்தான் சொல்லாது.
முன்னால் சுடோ சேர்த்தேன்.
பைத்தான். செயல் எண் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு.
நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஓடுகிறது.
உரிமையாளர்: ஜெரோன்.

ஜெரோன் போன வருஷமே மஸ்கட் போய்விட்டான்.
இழுப்பறையில் அவன் விட்டுப்போனது
ஒரு யு.எஸ்.பி. வயர், கடித்த பேனா மூடி.
இங்கே இது.

கில், மைனஸ் ஒன்பது, அந்த எண்.
விரல் என்டர்மேல் இருந்தது.
ஷட்டருக்கு வெளியே
வரிசையின் முதல் ஆள் இருமினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று
எல்.எஸ்.ஓ.எஃப். கேட்டுப் பார்த்தேன்.
கேட்கும் வரிக்குக் கீழே இன்னொரு வரி,
இணைப்பு நிலவுகிறது.
எதிர்ப்பக்கம் ஏதோ ஓர் அலைபேசி.

யார், இந்நேரத்தில், ஜெரோனிடம்?

ப்ராக் அடைவுக்குள் போய்
அவன் எங்கிருந்து இதைக் கிளப்பினான் என்று பிடித்தேன்.
நாற்பத்தொரு வரி நிரல்.
ஜெட்டிக் கம்பத்தில் சுழலும் கருவியைப் படித்து
கேட்பவருக்குக் காற்றைச் சொல்லும், அவ்வளவுதான்.
திசைகளுக்கு அவன் பாகை எழுதவில்லை.
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்.

பதிவுக்கோப்பு நீளமாக இருந்தது.
தினமும் இரண்டு இருபதுக்குமேல், மூன்றுக்குள்
ஒரே ஓர் ஆள்.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தபோதும்
தவறாமல் வந்து காற்றை விசாரித்துப்போன
யாரோ.

துறை என்றால் எங்களுக்குக் கடல்.
துறை என்றால் எனக்குச் சம்பளமும்,
மீன்வளத்துறை, மூன்று மாதம் ஒருமுறை.
இந்தத் துறையில் மட்டும்
ஒரே நேரத்தில் ஒருவர்தான் கட்டமுடியும்.
முதலில் வந்தவர் ஜெரோன்.

அமைப்புக் கோப்பைத் திறந்து
சென்னை எழுதிய சுழியத்தை ஒன்றாக்கினேன்.
எட்டாயிரத்து எண்பத்தொன்று.
இரண்டு கவுன்டர் கணினியிலும் திருத்தினேன்.
இதற்கு ஒரு மெமோ வரும்.

"எந்திரம் எந்திரிச்சிருச்சா தாயி?"
இருமியவர்தான், களஞ்சியம்.
"எந்திரிச்சிருச்சுண்ணே.
கச்சான், பதினெட்டு" என்றேன், கேட்காமலே.
ஈரத்துண்டை உதறிவிட்டு
"அது கன்னத்துலயே தெரியுதே" என்றார்.

திரும்பிப் பார்க்கையில்
அந்த அலைபேசி போய்விட்டிருந்தது.
முடிந்த பேச்சுக்கும் லினக்ஸ்
ஒரு நிமிடம் இடம் வைத்திருக்கும்,
காத்திருப்பு என்று எழுதி,
செயல் எண் இல்லாமல், சுடோ போட்டாலும்
யார் பெயரும் இல்லாமல்.

அறுபது விநாடியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு டோக்கன் தாளை மாட்டினேன்.