இடம்: மணக்கடவு

காலை ஆறு மணி. அளவுகோலில்
எனக்கு நாற்பத்தொன்று, ஷைனிக்கு நாற்பத்திரண்டு.
தண்ணீர் கொஞ்சம் அடங்கட்டும் என்று
ஒரே குடைக்குள் நின்றோம்
இரண்டு அரசாங்கத்து ஆட்கள்.

பதிவேட்டில் இந்த மாதம் புதுத் தலைப்பு.
'ரீடிங்' போய் 'தரவு'.
வரவு, செலவு மாதிரிதான் என்றேன்.
தா, தரு, தரவு. தரப்பட்டது.

"ஆர்க்கு?" என்றாள்.

அவள் மொழியில் அதைக் கேட்காமல் தீராது.
எனக்கோ உனக்கோ என்றால் தரும்,
அவனுக்கு என்றால் கொடுக்கும்.
மாற்றிச் சொன்னால்
மூணாம் கிளாஸ் படிக்கிற அவள் மகன்கூடச் சிரிப்பான்.
நமக்கும் இருந்த விதிதான்:
தாவும் வாவும் தன்மைக்கு, முன்னிலைக்கு;
செல்லும் கொடுவும் படர்க்கைக்கு.
பொள்ளாச்சிச் சந்தையில் எங்கோ தவறவிட்டோம்.
இப்போது யாருக்கும் தருகிறோம்,
யாருக்கும் கொடுக்கிறோம்.

அப்படியானால்
இந்த எண், ஆறு எங்கள் இருவருக்கும் தந்தது.
பத்து மணிக்குச் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போவது
தரவே அல்ல, கொடை.
அங்கே இருப்பவர்கள் படர்க்கை.
ஒருநாள் கோல் முழுகி
'தரவு இல்லை' என்று எழுதினோம்.
சேர்த்துப் படித்து,
தரவில்லையா, யார் தரவில்லை என்று
மூன்று கடிதம் வந்தது.

அடங்கிவிட்டது. நாற்பத்தொன்றரை.

"பேன தரூ, சாரே."

உங்களிடம் சொல்லும்போது அவளும் படர்க்கைதான்.
கொடுத்தேன் என்று
முடிய வேண்டிய வரி இது.

தந்தேன்.