உறை எண் நூற்றுப் பதினேழு

ஏழு அங்குலத் தட்டுக்கு
ஏழேகால் அங்குல உறை.
ஃப்ளெக்ஸில் வெட்டினால் பதினைந்துக்கு எட்டு,
தையலுக்கு அரை அங்குலம் தனி.
இந்தக் கணக்கு ஒன்றுதான்
நான் சுத்தமாகப் போட்டது.

பகலில் சிம்மக்கல் கடையில் எனக்கு வேலை
காதணி விழாவுக்கு மாமன்களை வரிசையாக நிறுத்துவது.
ஒருவர் தலை பெரிதானால்
இன்னொருவர் போனில் வருவார்.
சடங்குக்கு ரோஜா, வட்டச் செயலாளருக்குச் சிங்கம்,
செத்தவருக்கு மேகம்,
மூன்றும் ஒரே ஃபோல்டர்.
ஒருமுறை அவசரத்தில்
செத்தவர் பின்னால் சிங்கம் நின்றுவிட்டது.
இதுவே எடுப்பாயிருக்கிறது என்று
வாங்கிப் போனார்கள்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல்
'ஒட்டாதீர்' குழுவின் வேலை.
பெயர் வைத்தது செல்லூர் ரயில்வே சுவர்:
'விளம்பரம்' மழையில் போய்விட
கடைசிச் சொல் மட்டும் கறுப்பாய் நின்றது.
ஜெனோவா கத்துவாள்
(பாடுவாள் என்று எழுதினால் சண்டைக்கு வருவாள்).
டிரம்ஸ் துளசிராம். இரண்டு கிதார்,
ஒன்றுக்குத்தான் ஆம்ப்ளிஃபையர்.
நான்கு பாட்டு, மொத்தம் ஒன்பது நிமிடம்,
முன்னூறு தட்டு.

உறைக்கு என்ன படம் என்றேன்.
படம் வேண்டாம், ஊரை வெட்டு என்றாள்.

கிலோ முப்பதுக்கு வாங்கினோம்
லாரிக்குத் தார்ப்பாயாகப் போகவிருந்த பேனர்களை.
மொட்டை மாடியில் விரித்து
ஸ்கேலை வைத்துப் பார்க்காமல் வெட்டினோம்.
எது எதில் விழுகிறதோ அது.
கவுன்சிலரின் மீசையில் பாதி,
ஒரு கும்பிட்ட கையில் மூன்று விரல்,
மோதிரம், மோதிரம், மோதிரம்.
எழுத்துக்கு 'ஒன்றிய'த்தில் 'ஒ',
'கொண்டாட்ட'த்தில் 'ட்'டும் 'டா'வும்,
தள்ளுபடி நோட்டீஸிலிருந்து 'தீ'
'கண்ணீர் அஞ்சலி'யிலிருந்து 'ர்'.
ஐந்தையும் கோணலாக ஒட்டி
கீழவாசல் பத்திரிகைக் கடையில்
கறுப்பு மையில் ஸ்கிரீன் போட்டோம்.

நெல்பேட்டை ஹசீனா அரிசிப்பை தைக்கிற மெஷினில்
இரண்டு பக்கம் தைத்துக் கொடுத்தாள்.
மேல்வாய்க்கு ஊக்கு.
ஊக்கு பங்க்காரர்கள் கொண்டுவந்தது என்று
பெங்களூர்க்காரன் ஒருவன் விளக்க ஆரம்பித்தான்.
ஹசீனா கையை நீட்டினாள்,
வளையலில் ஏழு தொங்கியது.

வெயிலில் முதலில் சாவது மஞ்சள்,
அடுத்து சிவப்பு.
நீலம் மட்டும் சாகாமல் நிற்கும்.
பாதிப் பேர் அதனால் நீலமாக இருந்தார்கள்.

ஆரப்பாளையத்தில், கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்தத்தில்,
ஒன்பது நிமிடம் முடிந்ததும்
ஒரு பெண் வந்தாள். நர்சிங் படிக்கிறவள்போல் வெள்ளைச் செருப்பு.
அடுக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்து
நூற்றுப் பதினேழை எடுத்தாள்.
ஒரு கண், பாதி மூக்கு, தாடை.
இது எங்க அண்ணன், என்றாள், காசிமாயன்.

எனக்குத் தெரியும்.
பத்துக்கு எட்டு, மேகம் போட்டது.
நிறம் கொஞ்சம் வெளுக்கட்டும் என்றார்கள், வெளுத்தேன்.
தாடையில் ஒரு தழும்பு,
அதையும் துடைத்தேன். நான்கு கிளிக்.

தழும்ப ஏன் எடுத்தீங்க?
வீட்டில் சொன்னார்கள் என்றேன்.
வீட்டுல யாரு?
ஜெனோவா வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

விலை எழுத வைத்திருந்த மார்க்கரை எடுத்து
அவளே போட்டாள்:
தாடையில் சாய்வாக ஒரு கோடு,
குறுக்கே தையல், ஒன்று, இரண்டு,
யோசித்து மூன்றாவதும்.
கோடு தாடையைத் தாண்டி
எங்கள் 'தீ'யின் மேல் ஏறிவிட்டது.

ஊக்கைக் கழற்றினாள்,
தட்டை உருவி மேசையில் வைத்தாள்.
இதப் போட எங்க வீட்ல மெஷின் இல்ல.
உறைக்கு எவ்வளவு?

சொல்லத் தெரியவில்லை.
இருநூறை வைத்துவிட்டு
மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

அந்தத் தட்டு என் மேசையில்தான் கிடக்கிறது,
தினத்தாளில் சுற்றி.
அதற்கு வேறு உறை வெட்ட
ஃப்ளெக்ஸ் இல்லாமல் இல்லை.