இரவல் பதிவேடு

நகராட்சி சுகாதார அலுவலகம், அடித்தளம்,
கொதிகலனுக்கு அடுத்த அறை.
பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உரிந்துவிட்டது.
தேடி வருகிறவர்களுக்குக் கார்பாலிக் வாசனையே வழி.

என் பொறுப்பில்
படுக்கைச்சட்டி முப்பத்தொன்று.
ரப்பர் விரிப்பு பத்தொன்பது, மூன்றில் ஒட்டு.
ஊன்றுகோல் பதினோரு ஜோடி,
ஜோடியைத் தொலைத்தது ஒன்று.
காற்று வளையம் நான்கு.

போன தேதி, வந்த தேதி, இரண்டே பத்தி.
எழுந்து நடந்ததால் திரும்பியதா
எழாமலே போனதால் திரும்பியதா என்று எழுத
மூன்றாவது பத்தி கிடையாது.
நானும் கேட்பதில்லை.
கோட்டுக் கையில் கறுப்புப் பட்டி உண்டா என்று
கண் மட்டும் ஒருமுறை போய்வரும்.

நர்ஸ் தாக்ரே செவ்வாயும் வெள்ளியும் வருவாள்.
முழங்கால்வரை பனிச்சேறு.
சைக்கிளை மேட்டில் இறங்கித் தள்ளினாளாம்,
யார் கேட்டார்கள்?
கொதிகலன் குழாயில் கையை வைத்துக்கொண்டேதான்
பட்டியல் சொல்வாள்.
ஆளைத் தொடும்முன் விரல் சூடேற வேண்டும் அவளுக்கு.

முன்பணம் இப்போது இல்லை, போன ஜூலையோடு போயிற்று.
ஆனாலும் திருமதி ஆக்ராய்ட்
கையுறைக்குள்ளிருந்து இரண்டு ஷில்லிங் எடுத்து வைத்தார்.
நான் அந்தப் பக்கம் தள்ள, அவர் இந்தப் பக்கம் தள்ள.
"சும்மா வாங்கிப் பழக்கமில்லை."
"சும்மா இல்லை, உங்கள் வரிப்பணம்தான்."
நம்பவில்லை. வைத்துவிட்டே போனார்.

காற்று வளையம், எண் மூன்று. அக்டோபர் பன்னிரண்டு.
கணவர் பெயர் செத்.
பஞ்சு சிக்கெடுக்கும் கூடத்தில் முப்பத்தெட்டு வருடம்.
ஆலையை விட்டு வந்தும்
நெஞ்சுக்குள் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

ஜனவரி இருபத்தாறு.
கழுவி, துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி,
சணல் கட்டிக் கொண்டுவந்தார்,
காற்றோடு.

காற்றை இறக்கிவிட்டே ஒப்படைக்க வேண்டும் என்று
சுவரில் ஐந்தாவது விதி.
எனக்கு வாய் வரவில்லை.

"முதல் நாள் அவரேதான் ஊதினார்.
நர்ஸ் வேண்டாம் வேண்டாம் என்றாள்.
நாலே ஊது. முகம் நீலம் பாரித்தது.
ஜெயித்தமாதிரி ஒரு சிரிப்பு வேறே.
மிச்சத்தை நான் ஊதினேன்.
அப்புறம் திறக்கவே இல்லை.
நல்ல சாமான், பொட்டுக் கசிவு கிடையாது."

வளையத்துக்கு நற்சான்று தருவதுபோலச் சொல்லிவிட்டு
கையெழுத்திட்டார்.
சோப்பு ரேஷனைக் கொஞ்சம் திட்டினார்.
படியேறிப் போனார்.

மதியம்வரை மேசைமேல் கிடந்தது.
தேநீர் குடித்தேன். ஊன்றுகோல்களை எண்ணினேன்.
விரலால் ஒருமுறை அமுக்கினேன்,
திருப்பி அமுக்கியது.
எது அவர் ஊதிய நாலு, எது அந்த அம்மாவின் மிச்சம்,
மாடியிலிருக்கும் பரிசோதனைச்சாலையால்கூட
பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்தாள். குழாயில் கை.
"கால்வாய்த் தெரு, பதினேழாம் எண். இடுப்பு முறிவு.
கீழே தோல் சிவந்தாயிற்று, நாளைக்குப் புண்ணாகும்.
வளையம் இருக்கிறதா?"
மற்ற மூன்றும் வெளியே.
அவளும் மேசையைப் பார்த்தாள்.
அந்தச் சணல் முடிச்சு அவளுக்குத் தெரியும் போல.
ஒன்றும் சொல்லாமல்
மறு கையையும் குழாயில் வைத்தாள்.

அடைப்பானைத் திருகினேன்.
நினைத்ததைவிட நேரம் பிடித்தது.
கடைசிக் கொஞ்சத்துக்கு
மடித்துப்போட்டு முழங்கையால் அழுத்த வேண்டியிருந்தது.

வெந்நீர். கார்பாலிக். துணி. முகப்பவுடர்போல ஒரு பொடி.
ஜனவரி இருபத்தாறு, வந்தது.
ஜனவரி இருபத்தாறு, போனது.

"அங்கே ஊத ஆள் இருக்கிறதா?"
"தனிக்கட்டை. நான்தான் ஊத வேண்டும்" என்று
தோல்பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்,
இருட்டுமுன் மேடு ஏற.

இரண்டு ஷில்லிங் இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.
எந்தப் பத்தியில் ஏற்றுவது?