ஏழாம் எண் கொதிகலன்

மேய்ன் மாநிலத்தின் வடகோடியில்
அக்டோபரிலேயே பனி வந்துவிடும்.
அது வந்த நாளில்தான் அவரும் வந்தார்,
பல்கலைக்கழகத்தின் புதிய தலைவர்
ரோவீனா திபோதோ.
பதினெட்டு வருடம் செனட்டர்.
அதில் பாதி நாள்
நிதிக்குழுவின் கத்தரி அவர் கையில்.

நான் கொதிகலன் அறைக்காரன்.
எனக்குத் தலைவர் என்றால் ஒரு வெப்பநிலை, அவ்வளவுதான்.
முன்பிருந்தவருக்கு எழுபத்திரண்டு டிகிரி.
அதற்கும் முன்பிருந்தவர்
ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு
குளிர்கிறதே என்று ஃபோன் செய்வார்.
இவர் ஒன்றும் கேட்கவில்லை.
கோட்டைக் கழற்றாமல் கோப்பு படித்தார்.
காரணம் எனக்குத் தெரியும்.

ஏழாம் எண்ணை மாற்றித் தரும்படி
நாங்கள் அனுப்பிய மனு
என் இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது.
குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
ஓரத்தில் அவர் கையெழுத்து:
"இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்."
தாங்கியது.
ஒன்பது.

கைகுலுக்குவதில் மனுஷி கெட்டிக்காரி.
உணவகத்தில் தட்டேந்தி வரிசையில் நின்று
பெயர் கேட்டார், ஊர் கேட்டார்,
அப்பாவின் டிராக்டர் என்ன மாடல் என்றுகூடக் கேட்டார்.
இங்கே யாரிடமும் வாக்கு இல்லை என்பது
அந்தக் கைக்கு இன்னும் உறைக்கவில்லை.
பேராசிரியர்கள்தான் அவரைத் திணறடித்தார்கள்.
இரண்டு மணி நேரம் விவாதித்து
அடுத்த கூட்டத்தில் விவாதிப்பதென்று முடிவெடுப்பார்கள்.
கொறடா இல்லாத சபை.

பிப்ரவரியில் அகஸ்டாவுக்கு
என்னையும் சாட்சியாகக் கூட்டிப்போனார்.
ஐந்து மணி நேரம்.
உருளைக்கிழங்கு வயல்கள் வெள்ளையாய் வந்து முடிய,
பைன் காடு தொடங்கியது.
பேச்சில்லை.

அதே அறை. அதே நீள மேசை.
இப்போது மேசைக்கு இந்தப் பக்கம்.
மூன்று நிமிடம், பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு.
அவருடைய பழைய நாற்காலியில் டேரில் ஓஸ்குட்,
ஒரு காலத்தில் அவருக்குக் காப்பி வாங்கி வந்த பையன்.
மரியாதையாகத்தான் கேட்டான்:
"இன்னும் ஒரு குளிர்காலம் தாங்காதா, மேடம்?"

"நல்ல கேள்வி" என்றார்.
பின்னே, எழுதியவர் யார்?
சிவப்பு எரிந்தது.

அன்று இரவே கீழே இறங்கி வந்தார்,
பனி பூட்ஸோடு, தரையெல்லாம் ஈரம்.
ஏழாம் எண்ணின் முன்னால் நின்று
எங்கள் பள்ளத்தாக்கின் பிரெஞ்சில்
ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
இங்கே எழுத முடியாது.
உச்சரிப்பு சுத்தம்.
அது கொதிகலனுக்கா, ஓஸ்குட்டுக்கா,
பதினெட்டு வருடத்துக்கா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இழுப்பறையைத் திறக்கலாமா என்று
கை ஒருமுறை நினைத்தது.

"இசைத்துறைக் கட்டடத்தை
மார்ச் முடியும்வரை மூடினால்
விடுதிக்குச் சூடு போதுமா?"

போதும் என்றேன்.
பியானோக்கள் விரிசல் விடும் என்றும் சொன்னேன்.
குழாயைத் திருப்ப எவ்வளவு நேரம் என்றார்.
நாலு நிமிடம்.

"மூன்றில் முடியாதா?"

சிரித்தாரா என்று தெரியவில்லை,
கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.
சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
நாலு ஆனது.