முப்பது சென்டிமீட்டர்

உடலியங்கியல் செய்முறை வகுப்பு, காலை ஏழரை.
வெளியே ஒலமௌட்ஸ் இன்னும் விடியவில்லை.
டிராம் கம்பியில் உறைபனி.

சோதனை இவ்வளவுதான்:
ஒருவர் அளவுகோலைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்க
மற்றவர் கீழே விரல் விரித்துக் காத்திருக்க வேண்டும்.
சொல்லாமல் விட வேண்டும்.
எந்தச் சென்டிமீட்டரில் கவ்வுகிறார் என்று எழுத வேண்டும்.
இந்த வயதுக்குப் பதினெட்டு வரும் என்கிறது கையேடு.

நான் விட்டேன்.
ஒத்தகார் காற்றைப் பிடித்தான்.

தரையில் சத்தம் கேட்ட பிறகுதான்
அவன் விரல்கள் மூடின,
வண்டி போனபின் கை காட்டுகிறவனைப் போல.
பக்கத்து மேசை சிரித்தது. அவனும் சிரித்தான்.
சிரித்த வாயில் பிளம் சாராய வாடை.
வாலாஷ்கோ மலையிலிருந்து அவன் மாமா
ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி
பரீட்சைக்குத் தெம்பு என்று அனுப்பியது.

“இன்னொரு தடவை விடு, வெந்துலா.”

மூன்றாம் தடவை நுனியைக் கவ்வினான்:
இருபத்தொன்பது.
ரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தாறு.
“பட்டை பழசு” என்றான்.
எழுதப் போன என் பேனா நடுங்கியது,
அதை மட்டும் உடனே பார்த்துவிட்டான்.

நேற்று அவனோடு குடித்தது நான்தான்.
முந்தாநாள் குடிக்கவில்லை.
கல்லீரலின் எட்டுப் பகுதிகள்,
அதில் கொழுப்பு எப்படிப் படிகிறது,
எப்போது தழும்பாகிறது என்று
மூன்று டப்பா எனர்ஜி டிரிங்கோடு
பொட்டுத் தூக்கமில்லாமல் படித்தேன்.
குடித்த இரவா, படித்த இரவா,
கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை.
இரண்டுக்கும் ஒரே மணல்தான்
இமைக்குள் உறுத்துகிறது.

பதினெட்டு என்று எழுதினேன்.

டாக்டர் ஷ்க்ரபாலோவா தாள்களைச் சேர்த்தார்.
கரும்பலகையில் புள்ளி வைத்தார்.
இருபத்து நான்கு பேர்.
பதினெட்டு, பதினெட்டு, பதினேழரை, பதினெட்டு.
வகுப்பு முழுக்க என் கையெழுத்தில் எழுதியது போல.
அவர் பலகையைப் பார்த்தார், பிறகு எங்களை,
முன் வரிசையின் சிவந்த கண்களை,
மேசையில் கன்னம் வைத்துத் தூங்கும் பொகுஸ்லாவை.
ஏதோ சொல்லப் போனார்.
கொட்டாவி வந்துவிட்டது.
கோப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அன்று இரவும் பாட்டில் திறந்தது.
எதற்கு என்று கேட்காதீர்கள்,
யாரோ ஒரு பாடம் தேறியிருந்தார்கள்,
யாரோ தேறவில்லை.

இரண்டு மணிக்கு ஒத்தகார்
விடுதி அறைத் தரையில், காலணியோடு.
ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்,
வாந்தி மூச்சுக் குழாயில் போகாமல்.
அதுவும் படித்ததுதான்.
காதருகே அளவுகோலைக் கீழே போட்டுப் பார்த்தேன்.
இமைகூட அசையவில்லை.
ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பெயர் கேட்பார்கள்,
பிறகு கல்லூரிக்குத் தெரியும்.
சரி, நானே காவல் இருக்கிறேன் என்று
முதுகில் கை வைத்து மூச்சை எண்ணினேன்.

நிமிடத்துக்குப் பன்னிரண்டு இருந்தால் போதும்.

ஒன்பது. பத்து.
பதினொன்று.

பன்னிரண்டு வந்ததா, தெரியாது.
நின்றது அவன் மூச்சா,
சரிந்தது என் தலையா.

கண் திறந்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது.
என் கை அவன் முதுகில் இல்லை.
அளவுகோல் எங்கள் நடுவே கிடந்தது.
அவன் பக்கம் திரும்ப வேண்டும்,
கழுத்தைத் திருப்பினால் போதும்,
ஒரு சாண் தூரம்.
கூரையைப் பார்த்தபடியே கிடந்தேன்.
கீழே ஒரு டிராம் வந்து நின்றது,
மணி அடித்தது, போனது.
இன்னொன்று வந்தது.

“மணி என்ன?” என்றான் ஒத்தகார்.

சொல்ல வாய் வரவில்லை.