ஈறுகெட்ட எதிர்மறை

வார்டில் யாருக்கும் முகம் இல்லை.
எங்களுக்கு நீலத் துணி, அவர்களுக்குக் குழாய்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தபோது
பல் கிளினிக்கில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள்.
"வாயைத் திறக்கச் சொல்லுவேன், சார்."
ஏறக்குறைய அதையே கொடுத்தார்கள்:
நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம்
குழாயைச் சுற்றி மருந்துப் பஞ்சால் துடைக்க வேண்டும்.

பன்னிரண்டாம் கட்டில்.
பெயர் அட்டை நனைந்து மை பரவியிருந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல்
வேர் தெரிய நிற்கிறது.
அதைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் ஈறு.
ஆளை மறந்திருந்தேன்.
அந்த வாயை மறக்கவில்லை.

கொம்பையா.
கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி.
தை மாதம் பேட்டைக்குச் சரக்குப் போட வந்த இடத்தில்
எங்கள் கிளினிக் நாற்காலியில் சாய்ந்தார்.
டாக்டர் கம்பியை இறக்கி இறக்கி
"ஆறு, ஏழு, ஆறு" என்று சொல்ல நான் எழுதினேன்.
"ஈறுல பாக்கெட் விழுந்திருக்கு, அண்ணாச்சி."
"சட்டைப் பாக்கெட்டே காலி, தாயி.
இதுல ஈறுல வேற ஒண்ணா?"
சிரித்தார். பல்லிடுக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது.
நாலு தடவை வரணும், மூவாயிரம் ஆகும் என்றோம்.
"வலிக்கவா செய்யி? ரத்தம்தான, வந்துட்டுப் போட்டும்.
அப்பளத்த வலப்பக்கம் வச்சிக் கடிச்சிக்கிடுதேன்.
கொடைக்குப் பொறவு பாப்போம்."

அந்தச் சித்திரையில் கொடை இல்லை.
கோயிலைப் பூட்டியிருந்தார்கள்,
கிளினிக்கையும்.

எங்கள் ஊர்க் குளத்துக் கரையில் நண்டு வளை உண்டு.
கோடையில் அது யார் கண்ணிலும் படாது.
ஐப்பசியில் வெள்ளம் வந்து முட்டும்போது
கரை அங்கேதான் முதலில் கசியும்,
வயல்காரர்கள் நடுராத்திரியில் மண்வெட்டியோடு ஓடுவார்கள்.
வெள்ளத்தைத்தான் வைவார்கள்.
நண்டை யாரும் வைது கேட்டதில்லை.

டியூட்டி டாக்டரிடம் கேட்டேன்.
கவச உடையைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார்.
"ஈறு புண்ணானவங்களுக்குக் கடுமையா வருதுன்னு எழுதுறாங்க.
அங்க குடியிருக்கிற கிருமி எச்சிலோட நெஞ்சுக்குள்ள இறங்கலாம்.
உடம்பும் ஏற்கெனவே ஒரு சண்டையில இருக்கு.
ஆனா இவருக்குச் சர்க்கரை இருக்கு, பீடி இருக்கு, வயசு இருக்கு.
ஈறுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா.
நீ துடை."

துடைத்தேன்.

பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் எனக்குப் பிடித்த பெயர்
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
ஆறாத புண், ஆறாப் புண்.
ஓயாத இருமல், ஓயா இருமல்.
கடைசி எழுத்து விழுந்துவிடும்,
இல்லை என்பது மட்டும் விழாமல் நிற்கும்.
டீச்சர் ஈறு என்றதும் பல்லைக் காட்டிச் சிரித்த குற்றத்துக்கு
ஒரு பீரியட் முழுக்க வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறேன்.

பதினோராம் நாள் ரிசல்ட் வந்தது.
நெகட்டிவ்.
வைரஸ் போய்விட்டது.
நெஞ்சுக்குள் வேறு எதுவோ
போக மனமில்லாமல் சளி கட்டிக்கொண்டிருந்தது.
ஈறுகெட்ட எதிர்மறை என்று
முகக்கவசத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.
கண்ணாடியில் ஆவிதான் படர்ந்தது.

அன்று கேட்டில் அவர் மனைவி ஆவுடைத்தங்கம்
ஒரு மஞ்சப்பை கொடுத்தனுப்பியிருந்தாள்.
இரண்டு சாரம், தாளில் மடித்த திருநீறு,
நாரெல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்துபோன ஒரு பிரஷ்.
"முழிச்சதும் அதத்தான் தேடுவாவ" என்று சொன்னாளாம்.

தலைமாட்டில் வைத்தேன்.
நாலு மணி நேரம் ஆகியிருந்தது.
"வாயைத் திறங்க, அண்ணாச்சி" என்றேன்,
திறந்தே கிடந்த வாயிடம்.